விளக்கொளியில் ஒத்துப்போன கருஞ்சாம்பல்

நான் கண்ணால் கண்டவற்றையும், இருவர் வெவ்வேறு இடங்களில் இருந்து தனித்தனியே சொல்லித் தம்முள் மாறுபடாதவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஒருவர் மட்டும் சொன்னதை, அது எவ்வளவு நம்பத்தக்கதாகத் தோன்றினும், விட்டுவிடுகிறேன். இக்கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றைப் பற்றி ஆராயாமல் சொல்லிய மறுமொழிகளால் என் அக்காவின் கலியாணம் குலைந்துபோகப் பார்த்தது. அதே சுவரைப் பற்றி எங்கள் உறவினர் இன்றும் பல விதமாகக் கதைக்கிறார்கள். அக்கதைகளோடு இன்னொரு கதையைச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

வீடு யாழ்ப்பாண நகரத்துக்கு மேற்கே இருந்தது. அப்பா கட்டியது. அவர் காலமானபின் அம்மாவும் அக்காவும் நானும் அதில் வாழ்ந்தோம். நான் அருகிலிருந்த பள்ளிக்கூடமொன்றில் தமிழ் படிப்பித்தேன். அக்கா வீட்டிலிருந்து தையல் வேலை செய்தாள். வீடு அவளுக்குச் சீதனம் என்பது அவள் பிறந்தபோதே முடிந்துவிட்ட பேச்சு. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பார்க்க வருபவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தைவிட வீட்டைப் பார்ப்பதற்குச் செலவிடும் நேரம் அதிகம். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

எங்கள் கூடத்துச் சுவர்களின் மேற்பாகம் வெள்ளை. நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்துக்குக் கருஞ்சாம்பல் நிறத்தில் எண்ணெய்ப்பூச்சு. கதிரைகள் உரசுவதும் கைபட்ட அழுக்கும் தெரியாதிருக்க வேண்டும் என்பதற்காக அப்பா தெரிந்தெடுத்த நிறம் அது. தொண்ணூறாம் ஆண்டுக்குப் பின் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையில் குண்டு விழுந்தது. கூடத்து யன்னல்களின் கண்ணாடிகள் நொறுங்கின. மேற்குச் சுவரில், யன்னலின் கீழ்மூலையிலிருந்து நிலம்வரை, ஒரு வெடிப்பு ஓடியது. யன்னல்களுக்குப் பனம்பலகை அடித்து மூடினோம். கண்ணாடிக்கு வழியில்லை. வெடிப்பை அப்படியே விட்டோம்.

அடுத்து வந்த சம்பந்தக்காரர் வெடிப்பைப் பார்த்தார்கள். தேநீர் குடித்தார்கள். பிறகு சாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். சாதகம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று முன்னர் சொன்னவரும் அவரே. அக்காவுக்கு அப்போது முப்பது கடந்திருந்தது.

ஆகவே தொண்டைமானாற்றுப் பக்கத்திலிருந்து இன்னொரு பேச்சு வந்தபோது, வெடிப்பை மூடாமல் யாரையும் கூடத்துக்குள் விடுவதில்லை என்று அம்மா முடிவு செய்தார். சீமெந்து தடைசெய்யப்பட்டிருந்த காலம். மேசன் ஒருவர் ஓட்டுத் துண்டுகளை உள்ளே திணித்துச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தார். எஞ்சியது நிறம்.

அப்பா வாங்கிய பூச்சின் தகரம் கொட்டிலில் இருந்தது. உள்ளே இருந்தது சைக்கிள் ரயர்த் துண்டு போல இறுகியிருந்தது. அந்தக் கம்பனியின் தகரங்கள் அப்போது குடாநாட்டுக்கு வருவதில்லை. சுவரிலிருந்து உரிந்த ஒரு செதிலை நெருப்புப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணச் சந்தைக்கு அருகிலிருந்த கடை ஒன்றுக்குப் போனேன். குண்டுவீச்சுக்குப் பயந்து கடையின் தகரக் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டிருந்தார்கள். குனிந்து உள்ளே போகவேண்டும். உள்ளே மூன்று கம்பனிகளின் தகரங்கள் இருந்தன. மூன்றிலும் கருஞ்சாம்பலுக்குரிய ஒரே ஆங்கிலப் பெயர் அச்சிடப்பட்டிருந்தது.

"மாஸ்ரர், உதென்ன நெருப்புப்பெட்டிக்கை?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பழைய பூச்சு. இதோடை ஒத்துப்போற சாம்பல் வேணும்."

"சாம்பல் சாம்பல்தானே. உங்கடை வீட்டு அடுப்பிலை கிழமைக்கொரு நிறமாவே சாம்பல் வாறது?"

"அப்ப மூண்டும் ஒண்டோ?"

"பேர் ஒண்டுதானே போட்டுக் கிடக்கு. படிச்ச மனிசன், வாசிச்சுப் பாருங்கோவன்."

"மூடியைத் திறந்து காட்டுங்கோ."

"திறந்து திறந்து காட்டினா காஞ்சு கட்டியாப் போடும். பிறகு கட்டியை ஆருக்கு விக்கிறது? உங்கடை பள்ளிக்கூடத்துக்கோ?"

இறுதியில் மூன்றிலும் சிறிது சிறிதாகப் போத்தல்களில் ஊற்றித் தரச் சம்மதித்தார். ஊற்றும்போது எனக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒரு போத்தலில் மண்ணெண்ணெய் மணத்தது. அவர் கலந்தார் என்று நான் எழுதமாட்டேன். அன்றைய யாழ்ப்பாணத்தில் என் சட்டையிலும் மண்ணெண்ணெய்தான் மணத்தது. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த முதுகையே நினைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன்.

மூன்று ஓட்டுத் துண்டுகளில் மூன்று பூச்சையும் பூசிக் காயவிட்டேன். காய்ந்தபின் அவற்றைக் கூடத்துக்குள் கொண்டுபோய்ச் சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். நடுப்பகல்தான். ஆயினும் யன்னல்கள் பலகையால் மூடியிருந்தமையால் கூடத்தில் எந்நேரமும் விளக்கு வேண்டியிருந்தது. மின்சாரம் இல்லாத அவ்வாண்டுகளில் எல்லா வீடுகளிலும் இருந்ததுபோல எங்களிடமும் ஜாம் போத்தல் விளக்கே இருந்தது: போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய், பஞ்சுத் திரி, மஞ்சள் சுடர். அக்கா விளக்கைப் பிடித்தாள். அம்மா ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார்.

"உது சரிவராது, கொஞ்சம் நீலம் அடிக்குது" என்று மூன்றாவது துண்டை அம்மா தள்ளிவைத்தார்.

"முதலாவது கறுப்பு. நடுவிலைதான் சரி" என்றாள் அக்கா.

நானும் நடுவிலதையே தெரிந்தெடுத்தேன். சுவரில் வைத்தால் துண்டு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு அது ஒத்துப்போயிற்று. மூவரும் ஒருமித்துச் சொன்னதில் பிழை இராது என்று நம்பினேன். ஒரே விளக்கின்கீழ் நின்ற மூவரும் சேர்ந்து ஒரு சாட்சிதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் நடுத்துண்டுக்குரிய கம்பனியின் பூச்சில் ஒரு போத்தல் நிறைய வாங்கி வந்து அடித்தேன். மேசன் அடைத்த இடம் பல்லிளித்துக் கோணலாக இருந்தது. ஓரம் நேராக இருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது என்று கருதி, நூல் பிடித்து நீள்சதுரமாகப் பூசினேன். அலுமாரிக் கதவொன்றின் அகலமும் அரைக்கதவின் உயரமும் இருக்கும். விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. அம்மா அன்று மூன்று பேருக்கும் சீனி போட்ட தேநீர் தந்தார், வழக்கமாகப் பனங்கட்டிதான்.

அவர்கள் ஒரு பின்னேரம் வந்தார்கள். மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்பவர். தாய்மாமனும் தரகரும் கூட வந்தார்கள். மாமன் தெருவேலைப் பகுதியில் ஓவசியராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்றவர் என்று தரகர் சொன்னார். மாமன் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, கதிரையில் இருக்காமல், கூரையைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், கூரையைத் தாங்கும் தீராந்தியைப் பார்த்தார். மாப்பிள்ளை இருந்த கதிரையிலேயே இருந்தார்.

"வீடு நல்ல வீடு" என்றார் மாமன். "ஆனா இருட்டுக்கை பாத்தா அது என்ன பாத்தது? தம்பி, உந்தப் பலகையை ஒருக்காக் கழட்டும் பாப்பம்."

"வெளியிலை ஒரே தூசு அண்ணை" என்றார் அம்மா.

"உத்தியோகம் முழுக்க றோட்டுத் தூசுக்கை நிண்டனான். உந்தத் தூசு என்னை என்ன செய்யிறது?"

மறுக்க வழியில்லை. சுத்தியலை எடுத்து மேற்கு யன்னலின் பலகையைக் கழற்றினேன். சாய்ந்த வெயில் கூடத்துக்குள் விழுந்தது. பல மாதங்களாக நாங்களே பார்க்காத வெயில். சுவரின் பழைய சாம்பல் மழைமேகம் போல நீலங்கலந்து நின்றது. நான் பூசிய நீள்சதுரம் குளத்துப் பாசிபோலப் பச்சை காட்டியது. நூல் பிடித்த ஓரங்கள் அடைத்துவிட்ட ஒரு வாசலின் ஓரங்களைப் போலத் தெளிவாகத் தெரிந்தன.

"உதென்ன, உங்கை மட்டும் வேறை நிறமாக் கிடக்கு?"

"பெயின்ற் கொஞ்சந்தான் கிடந்தது, காணாமப் போச்சு அண்ணை" என்றார் அம்மா.

"சுவரிலை ஈரம் ஊறினது" என்றேன் நான்.

இரண்டும் ஒரே நேரத்தில் வெளிவந்தன. மாமன் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காணாமலும் போச்சு, ஊறியும் போச்சு. பாவம் சுவர்" என்றார்.

கிட்டப் போய் விரல்முட்டியால் தட்டினார். பழைய சுவர் கட்டியாக ஒலித்தது. நீள்சதுரம் உள்ளே வெறுமையானதுபோல ஒலித்தது. மீண்டும் தட்டினார்.

"உள்ளுக்கை பொள்ளலாக் கிடக்கு" என்றார். பிறகு சிரித்தபடி, "இந்தக் காலத்திலை சனம் சுவருக்கை எதை எதையெல்லாம் வைச்சுப் பூசுதுகள் எண்டு ஆருக்குத் தெரியும்!"

இடம்பெயர நேர்ந்தால் வழியில் பறிபோகும் என்று அஞ்சி நகைகளைச் சுவரிலும் கிணற்றடியிலும் மறைத்துவிட்டுப் போகும் வழக்கம் அப்போது இருந்தது. அவர் சொன்னதன் பொருள் அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது.

"அங்கை ஒண்டுமில்லை!" என்றார் அம்மா. தேவைக்கு மிஞ்சிய சத்தத்தில் சொன்னார்.

அக்கா தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றாள். தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு வந்து, யன்னற்படியில் நான் வைத்திருந்த சுத்தியலை எடுத்தாள்.

"மாமா, உது குண்டிலை வெடிச்ச இடம். சுண்ணாம்பாலை அடைச்சுப் பெயின்ற் அடிச்சிருக்கு. வேறை ஒண்டுமில்லை. இந்தாங்கோ, இப்பவே உடைச்சுப் பாருங்கோ."

மாமன் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "சீச்சீ, என்ன பிள்ளை உது! வேண்டாம், வேண்டாம். சம்பந்தம் எண்டா நம்பிக்கைதானே பெரிசு." பிறகு தரகரைப் பார்த்து, "பிள்ளை நல்ல துணிஞ்ச பிள்ளை" என்றார்.

போகும்போது மாமன் தன் குடையைப் பாசி நிற நீள்சதுரத்தின் ஓரத்தோடு நேராகச் சாத்திவைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டார். பிறகு திரும்ப வந்து குடையை எடுத்தார். நானும் கண்டேன், அக்காவும் அடுக்களை வாசலிலிருந்து கண்டாள்.

அவர்கள் போனபின் ஓட்டுத் துண்டுகள் மூன்றையும் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். நெருப்புப்பெட்டியிலிருந்த செதிலை ஒவ்வொன்றின்மேலும் வைத்துப் பார்த்தேன். வெயிலில் நடுத்துண்டு பச்சை. செதிலோடு பிரித்தறிய முடியாதபடி ஒத்துநின்றது, நீலம் அடிக்குது என்று அம்மா தள்ளிவைத்த மூன்றாவது துண்டு. யன்னற் பலகையை மறுபடி அடித்துவிட்டு, மூன்றையும் கூடத்துக்குள் கொண்டுபோய் விளக்கில் பிடித்தேன். நடுத்துண்டு மறுபடி ஒத்துப்போயிற்று. கடைக்காரர் ஏமாற்றியிருக்கவேண்டியதில்லை. மண்ணெண்ணெய்ச் சுடர் பழைய பூச்சின் நீலத்தை மட்டும் தின்றுவிட்டது; அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அவர் முதுகைக் காட்டி ஏன் ஊற்றினார் என்ற எண்ணம் என்னைவிட்டுப் போகவில்லை.

சம்மதம் விரைவாக வந்தது. அம்மா கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினார். எனக்கு அந்த விரைவு பிடிக்கவில்லை.

"ஏன் உனக்கு முகம் கறுத்துக் கிடக்கு?" என்று அம்மா கேட்டார்.

"முந்தி வந்தவை வெடிப்பைக் கண்டுபோட்டு வேண்டாமெண்டவை. இவை அதைப் பாக்கவே மாட்டமெண்டு சொல்லிப்போட்டு ஓமெண்டினம். ஓவசியர் ஒராள், சுவரை உடைச்சுப் பாருங்கோ எண்டா, வேண்டாமெண்டுவாரோ?"

"மனமுள்ள சனம்."

"மனமுள்ள சனம் ஏன் குடையை வைச்சு அளக்குது?"

"உனக்கு உந்தப் பள்ளிக்கூடத்துப் புத்தி. எல்லாத்திலையும் பிழை பிடிக்கிறது" என்று அம்மா எழுந்து போனார்.

அக்கா இயந்திரத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். "என்னைக் கேளாமல் என்னைப்பற்றிக் கதையுங்கோ" என்றாள். நாங்கள் கதையை நிறுத்தினோம்.

தொண்ணூற்றைந்தின் நடுப்பகுதியில் சண்டை எங்கள் பக்கம் வந்தது. கலியாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. கூறைச்சேலை மட்டும் வாங்கியிருந்தோம். அக்கா அதைத் தலையணை உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டாள். அம்மாவின் நகைகள், அவை கொஞ்சந்தான், அம்மாவின் இடுப்பில் கட்டுண்டு வந்தன. யாழ்ப்பாண நகரத்தில் உறவினர் வீட்டு விறாந்தையில் தங்கினோம். சில நாள் கழித்து, போகலாம் என்று செய்தி வந்ததும் திரும்பினோம்.

முன்கதவின் பூட்டு உடைக்கப்பட்டிருந்தது. அம்மா வாசலில் நின்றே அழத் தொடங்கினார். நான் உள்ளே போனேன். தையல் இயந்திரம் அதன் இடத்தில் இருந்தது. சாமியறையில் குத்துவிளக்கு இருந்தது. வெண்கலக் குடம் இருந்தது. கூடத்து மேற்குச் சுவர் மட்டும் தோண்டப்பட்டிருந்தது. பாசி நிற நீள்சதுரத்தின் நான்கு ஓரங்களுக்குள் தோண்டியிருந்தார்கள். பழைய சாம்பலில் ஒரு கீறல் இல்லை. சுண்ணாம்பும் ஓட்டுத் துண்டுகளும் நிலத்தில் குவிந்திருந்தன. வெடிப்பு, முன்னிருந்ததைவிட அகலமாக, யன்னல் மூலைவரை திறந்து கிடந்தது. யன்னற் பலகை கழற்றப்பட்டுச் சுவரோடு சாத்தியிருந்தது. தோண்டியவருக்கு வெளிச்சம் வேண்டியிருந்திருக்கிறது. அல்லது எங்கே தோண்டுவது என்று பார்க்க வேண்டியிருந்திருக்கிறது.

எங்களுக்கு முன்னே திரும்பிவந்த அயல்வீட்டுப் பெண்மணி, தாம் கண்டதாக ஒரு செய்தி சொன்னார். அவர் ஒருவரே சொன்னார். அதனால் அதை இங்கு எழுதவில்லை.

ஆனால் அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. "இனி என்ன வேணும்? நாளைக்கே தரகரைக் கூப்பிட்டு வேண்டாமெண்டு சொல்லு" என்று என்னிடம் சொன்னார். நானும் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

"நில் தம்பி" என்றாள் அக்கா. "கட்டப்போறவர் வரட்டும். ஒரு கேள்வி கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

மாப்பிள்ளை, நாங்கள் திரும்பிவிட்டோம் என்று கேள்விப்பட்டு, தொண்டைமானாற்றிலிருந்து சைக்கிளில் தனியே வந்தார். சுவரைக் கண்டார். நெடுநேரம் அதற்கு முன்னால் நின்றார். அம்மா அவரை இருக்கச் சொல்லவில்லை. அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கேக்கிறது முறையோ தெரியாது. கேக்காமல் விடவும் ஏலாது" என்றாள். "நாங்கள் இல்லாத நாளிலை உங்கடை மாமா எங்கை நிண்டவர்?"

அவர் குவளையைக் கையிலேயே வைத்திருந்தார். "தெரியாது" என்றார்.

"தெரியாதெண்டால்?"

"ஒரு நாள் வெளிக்கிட்டுப் போனவர். பின்னேரம் வந்தவர். சுவரைப்பற்றின ஊர்க்கதையள் கேள்விப்பட்டிட்டு, எங்கை போனனீங்கள் எண்டு கேட்டனான். வேறை அலுவல் எண்டவர். அது உண்மையோ பொய்யோ எண்டு எனக்குத் தெரியாது. போகேல்லையெண்டு உங்களுக்குச் சத்தியம் பண்ண என்னாலை ஏலாது. போனவர் எண்டு சொல்லவும் ஏலாது."

பிறகு தண்ணீரைக் குடித்தார். போகும்போது அம்மாவிடம், "நீங்கள் வேண்டாமெண்டு சொன்னா நான் பிழையா நினைக்கமாட்டன் மாமி" என்றார்.

சைக்கிள் ஒழுங்கை முடக்கில் மறைந்ததும் அம்மா வெடித்தார். "உது ஒரு மறுமொழியோ? தெரியாதாம்! சின்னப்பிள்ளையோ?"

"அம்மா, உந்தச் சுவரைப்பற்றிக் கேக்கேக்கை நீங்களும் ஒண்டு சொன்னனீங்கள், தம்பியும் ஒண்டு சொன்னவன்" என்றாள் அக்கா. "அவரின்ரை மாமா நம்பிக்கை எண்டார். பக்கத்து வீட்டு மாமி கண்டனான் எண்டுறா. தெரியாதெண்டு சொன்ன ஒரே ஆள் அவர்தான். நான் கட்டுறன்."

குறித்த நாளில் கலியாணம் அந்தக் கூடத்திலேயே நடந்தது. குழியை மறுபடி சுண்ணாம்பால் அடைத்தோம். மூன்றாவது கம்பனியின் சாம்பல், வெயிலில் ஒத்துப்போனது, கடையில் இன்னும் இருந்தது. வாங்கப் புறப்பட்ட என்னை அக்கா தடுத்தாள். "பூசவேண்டாம். வெள்ளையா விடு. வாற எல்லாரும் பாக்கட்டும்." ஆகவே கருஞ்சாம்பல் நடுவே சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு கட்டம் நின்றது. வந்தவர்கள் கேட்டார்கள். குண்டில் வெடித்தது, பிறகு யாரோ தோண்டினார்கள் என்று நாங்கள் மூவரும் ஒரே மறுமொழியைச் சொன்னோம். யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

மாமனுக்கு, பெரியவர் என்ற முறையில், மேற்குச் சுவரைப் பார்த்தபடி கதிரை போட்டிருந்தேன். அவர் கதிரையைத் தூக்கித் திருப்பிப் போட்டு, வெள்ளைக் கட்டத்துக்கு முதுகு காட்டி இருந்தார். பகல் முழுவதும் அப்படியே இருந்தார். இதை நானும் கண்டேன். தரகர் பின்பு கேளாமலே என்னிடம் சொன்னார். ஆதலால் எழுதுகிறேன். ஒருவர் யன்னல் வெயில் கண்ணில் அடிப்பதற்காகவும் கதிரையைத் திருப்பக்கூடும் என்பதையும் எழுதுகிறேன்.

சண்டை மறுபடி நெருங்க, அவ்வாண்டு முடியுமுன் எல்லோரும் அந்த வீட்டை விட்டு வெளியேறினோம். பின்னர் போய்ப் பார்த்தபோது மேற்குச் சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. ஆகவே மறுபடி பார்த்து உறுதிப்படுத்த எதுவும் எஞ்சவில்லை. அக்காவும் அவரும் இன்றும் ஒன்றாக வாழ்கிறார்கள்.

சுவரைத் தோண்டியவர் யார் என்பது எனக்குத் தெரியாது. அவர் எங்களை அறிந்தவரா, அல்லது திறந்த வீட்டுக்குள் வந்து நிற வேறுபாட்டைக் கண்டு ஐயுற்ற அந்நியரா என்பதும் தெரியாது. மாமன் அந்த ஒரு நாள் எங்கே போனார் என்பது தெரியாது. அவர் இப்போது இல்லை. அக்காவின் கணவருக்குப் பிற்காலத்தில் ஏதும் தெரியவந்ததா என்பதை நான் கேட்டதில்லை.